‘உன்பெடிங்ட்’: ஜெர்மன் சொல் ஒன்று, நம் ‘கண்டிப்பா’ ஒன்று – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மன் படிக்க ஆரம்பித்த சில வாரங்களிலேயே காதில் விழும் சொல் இது. யாராவது ஒரு படத்தையோ ஊரையோ கேக்கையோ சிபாரிசு செய்தால் பேச்சில் வந்து நிற்கும். அகராதியைப் புரட்டினால் ‘கண்டிப்பாக, அவசியம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது பாதிதான் சரி. மீதிப் பாதியில் நம்மவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். நானும் இடறினேன், அந்தக் கதை கீழே வருகிறது.

உன்பெடிங்ட் என்றால் என்ன?

ஒன்றைச் செய்தே ஆக வேண்டும், விட்டுவிடக் கூடாது என்று அழுத்திச் சொல்லும் வினையடை. “டஸ் முஸ்ட் டூ உன்பெடிங்ட் ப்ரோபீரன்” என்றால் ‘இதை நீ சாப்பிட்டுப் பார்த்தே ஆகணும்’. “டேன் ஃபில்ம் முஸ்ட் டூ உன்பெடிங்ட் ஸேயன்” என்றால் ‘அந்தப் படத்தை நீ பார்த்தே ஆகணும்’.

கவனித்தீர்களா, தமிழில் ‘கண்டிப்பாக’ என்ற சொல்லே இல்லாமல் வேலை முடிந்துவிட்டது. ‘பார்த்தே ஆகணும்’, ‘போயே தீரணும்’ என்று நாம் வினையோடு ஒட்டும் அந்த ஏகாரம்தான் உன்பெடிங்ட்டுக்கு நம்மிடம் இருக்கும் நெருங்கிய சொந்தம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல கேள்விகளுக்கு இதுவே சாவி.

அப்போ ‘கண்டிப்பா’ என்று தமிழில் வரும் இடத்திலெல்லாம் இதைப் போடலாமா?

கூடாது. நம் ‘கண்டிப்பா’ இரண்டு வேலை பார்க்கும் ஆள். ‘நீங்க கண்டிப்பா வரணும்’ என்பது வற்புறுத்தல். ‘நான் கண்டிப்பா வருவேன்’ என்பது உறுதி. ‘அவசியம்’, ‘நிச்சயமா’, யாழ்ப்பாணத்தார் சொல்லும் ‘கட்டாயம்’ எல்லாமே இப்படித்தான். ‘கட்டாயம் வாங்கோ’ என்று அழைத்தால் ‘கட்டாயம் வருவன்’ என்று அதே சொல்லைத் திருப்பிக் கொடுக்கலாம். ஜெர்மன்காரர்கள் இந்த இரண்டு வேலைக்கும் தனித்தனி ஆள் வைத்திருக்கிறார்கள். வற்புறுத்தலுக்கு உன்பெடிங்ட். உறுதிக்கு ‘பெஷ்டிம்ட்’, ‘ஔஃப் யேடன் ஃபல்’, ‘கன்ஸ் ஸிஹர்’.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு ப்ளம் கேக். ஜெர்மனியில் நான் குடியிருந்த முதல் செப்டம்பர். கீழ்வீட்டு அம்மா, எழுபது வயதுக்கு மேல், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் காபிக்கு அழைத்தார். ப்ளம் கேக் சுடப்போவதாகவும் சொன்னார். நானும் மனத்துக்குள் ‘கண்டிப்பா வர்றேன்மா’ என்று நினைத்து, அதை அப்படியே “இஷ் கொம்மெ உன்பெடிங்ட்” என்று சொல்லிவைத்தேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, “முஸன் ஸீ டென்?” என்று கேட்டுச் சிரித்தார். ‘வந்தே ஆகணுமா என்ன?’ என்ற கேலி. என் வாக்கியம் அவர் காதில் ‘நான் எப்படியும் வந்தே தீருவேன், யாரும் தடுக்க முடியாது’ என்பதுபோல் விழுந்திருக்கிறது. நான் சொல்லியிருக்க வேண்டியது “இஷ் கொம்மெ ஔஃப் யேடன் ஃபல்”. கேக் கிடைத்தது, அது வேறு விஷயம்.

இந்தத் தப்பு நமக்கு மட்டும் சொந்தமில்லை. ரஷ்ய மொழிக்காரர்களும் இதே இடத்தில் இதே மாதிரி விழுவார்கள். அவர்களிடமும் இரண்டு வேலைக்கு ஒரே சொல்தான்.

குழம்பாமல் இருக்க ஏதாவது வழி?

உங்கள் தமிழ் வாக்கியத்தை ‘–தே ஆகணும்’ என்று மாற்றிப் பாருங்கள். பொருள் கெடாமல் நின்றால் உன்பெடிங்ட் போடலாம்.

‘நீ கண்டிப்பா அவரைப் பார்க்கணும்’ என்பதை ‘பார்த்தே ஆகணும்’ என்று சொல்ல முடிகிறது. சரி. ‘நாளைக்குக் கண்டிப்பா மழை வரும்’ என்பதை ‘மழை வந்தே ஆகணும்’ என்றால் வேறு அர்த்தம் ஆகிவிடுகிறது. அங்கே “எஸ் ரேக்னட் மோர்கன் பெஷ்டிம்ட்” என்றுதான் சொல்ல வேண்டும். ‘நேத்து அவரைக் கண்டிப்பா பார்த்தேன்’ என்பதும் அப்படியே. நடந்து முடிந்த செய்திக்கு உன்பெடிங்ட் ஒட்டாது.

இலக்கணக் கண்ணோடு பார்த்தால், வாக்கியத்தில் வேண்டும், விரும்புகிறேன், தேவை, செய், பரிந்துரைக்கிறேன் போன்ற ஒன்று இருக்க வேண்டும். ‘முஸன்’, ‘ஸொலன்’ (வேண்டும்), ‘வொலன்’ (விரும்புவது), ‘ப்ரௌஹன்’ (தேவைப்படுவது), ஏவல் வினை, ‘எம்ப்ஃபேலன்’ (பரிந்துரைப்பது) இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் கவலையில்லை. “ரூஃப் மிஷ் உன்பெடிங்ட் ஆன்!” – எனக்கு மறக்காமல் போன் பண்ணு. “இஷ் ப்ரௌஹெ உன்பெடிங்ட் ஐனன் டெர்மீன்” – எனக்கு எப்படியாவது ஓர் அப்பாயின்ட்மென்ட் வேண்டும். டாக்டர் கிளினிக் வரவேற்பில் இந்தக் கடைசி வாக்கியம் ரொம்ப உதவும்.

பெஷ்டிம்ட் என்றால் நூறு சதவீத உறுதிதானே?

இல்லை, அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. “எர் கொம்ட் பெஷ்டிம்ட்” என்பது பல நேரம் ‘வந்துடுவார்னுதான் நினைக்கிறேன்’ என்ற ஆறுதல் தொனியில் வரும். பஸ்ஸுக்காகக் காத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் இதைச் சொன்னால் கால அட்டவணையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று எண்ண வேண்டாம். நீங்களே வாக்குக் கொடுக்கும்போது ‘ஔஃப் யேடன் ஃபல்’ கெட்டியானது. இதையும் ‘யேடன்ஃபல்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லையும் கலக்காதீர்கள். பின்னது ‘எப்படியோ, எதுவானாலும்’ என்று பேச்சை வேறு பக்கம் திருப்புவதற்கு.

எப்படி உச்சரிப்பது?

‘அன்பு’ என்பதில் வரும் ‘ன்ப’ போலத் தொடங்குங்கள். நடுவில் வரும் ‘பெ’ மங்கலாக, வாய்க்குள்ளேயே போய்விடும். கடைசியில் ‘ங்’ சொன்னதும் நேராக ‘ட்’டுக்குத் தாவ வேண்டும், ‘சங்கு’ போல ஒரு ‘கு’ நடுவில் எட்டிப் பார்க்க வேண்டாம். அழுத்தம் முதல் அசையிலும் வரலாம், ‘டிங்’கிலும் வரலாம். இரண்டும் சரி. ‘உன்பெடிங்ட்!’ என்று ஒற்றைச் சொல்லில் உற்சாகமாகப் பதில் சொல்கிறவர்கள் ‘டிங்’கைத் தட்டுவதைக் கேட்டிருக்கிறேன்.

இந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

எனக்குப் பிடித்த கேள்வி இது. ‘உன்’ என்றால் அற்ற. ‘பெடிங்ட்’ என்றால் நிபந்தனைக்கு உட்பட்ட. ‘பெடிங்குங்’ நிபந்தனை. ஆக, உன்பெடிங்ட் என்றால் எழுத்துக்கு எழுத்து ‘நிபந்தனையற்ற’. ‘நேரம் கிடைத்தால் பார்’, ‘பிடித்தால் சாப்பிடு’ என்ற ‘தால்’களையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுச் சொல்வது. உள்ளே இருக்கும் ‘டிங்’ இன்று ‘பொருள்’ என்று அர்த்தம் தந்தாலும், பழைய காலத்தில் வழக்குப் பேசக் கூடும் சபைக்கு அதுதான் பெயர். சபையில் பேசி ஒப்பந்தம் போடுவதில் இருந்து நிபந்தனை பிறந்தது.

பெயரடையாக வரும்போது இந்த மூலப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘உன்பெடிங்டஸ் ஃபெர்ட்ரௌவன்’ என்றால் நிபந்தனையற்ற நம்பிக்கை. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாயைப் பற்றி ஜெர்மனில் படித்தால், உணவைக் கண்டதும் எச்சில் ஊறுவது ‘உன்பெடிங்டர் ரிஃப்ளெக்ஸ்’, மணியோசைக்குப் பழகி ஊறுவது ‘பெடிங்டர் ரிஃப்ளெக்ஸ்’. ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் 1785-இல் எழுதிய அறநெறிக் கட்டளையும் இந்த வகைதான். ‘நல்ல பேர் வேண்டுமானால் பொய் சொல்லாதே’ என்பதில் நிபந்தனை இருக்கிறது. ‘பொய் சொல்லாதே’ என்பதில் இல்லை. கேக் சாப்பிடச் சொல்வதற்கும் கான்ட்டுக்கும் ஒரே சொல்லா என்று சிரிப்பு வரும். என்ன செய்வது, அப்படித்தான்.

‘உன்’ இல்லாத வெறும் ‘பெடிங்ட்’ எங்கே வரும்?

‘ஓரளவுக்குத்தான்’ என்ற பொருளில் வரும். ‘பெடிங்ட் கெஐக்னட்’ என்று ஒரு பொருளைச் சொன்னால் ‘ஏதோ சுமாராகத்தான் உதவும்’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியை உலுக்கிய ஒரு தலைப்பே இந்தச் சொல்லில்தான் இருந்தது. 1962 அக்டோபரில் டெர் ஷ்பீகல் இதழ் மேற்கு ஜெர்மன் ராணுவத்தைப் பற்றி வெளியிட்ட கட்டுரைக்கு ‘பெடிங்ட் அப்வேர்பெரைட்’ என்று பெயர். தற்காப்புக்கு அரைகுறையாகத்தான் தயார் என்று அர்த்தம். நேட்டோவின் பயிற்சி ஒன்றுக்குப் பின் அந்த ராணுவத்துக்குக் கிடைத்த மதிப்பீடு அது. தேசத்துரோகம் என்று சொல்லி இதழின் நிறுவனர் ருடால்ஃப் ஔக்ஸ்டைனைச் சிறையில் போட்டார்கள். ஊர் கொந்தளித்தது, கடைசியில் பாதுகாப்பு அமைச்சர் ஃப்ரான்ஸ் யோசெஃப் ஷ்ட்ரௌஸ்தான் பதவியை இழந்தார்.

இன்னொரு உருவமும் உண்டு. வேறொரு சொல்லின் வாலாக ஒட்டிக்கொண்டால் ‘பெடிங்ட்’ காரணத்தைச் சொல்லும். ரொட்டிக் கடைக் கதவில் ‘கிராங்க்ஹைட்ஸ்பெடிங்ட் கெஷ்லொஸன்’ என்று பேனாவால் எழுதி ஒட்டியிருந்தால், உடம்பு சரியில்லாததால் கடை இல்லை. வேறு கடை பாருங்கள்.

‘நிஷ்ட் உன்பெடிங்ட்’ என்றால் ‘கண்டிப்பாகக் கூடாது’ என்றா அர்த்தம்?

இல்லவே இல்லை. பரீட்சையில் கேட்பொலிப் பகுதியில் மதிப்பெண் போவது இங்கேதான். ‘நிஷ்ட்’ என்றால் ‘இல்லை’. அது அந்தக் கட்டாயத்தைத்தான் இல்லை என்கிறது, செயலை அல்ல. “டூ முஸ்ட் நிஷ்ட் உன்பெடிங்ட் கொமன்” என்றால் ‘நீ வந்துதான் ஆகணும்னு இல்லை’. வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

ஒற்றைப் பதிலாக வந்தால் ‘அப்படிச் சொல்லிட முடியாது’. “விலை கூடினால் தரமும் கூடுமா?” என்று கேட்டால், “நிஷ்ட் உன்பெடிங்ட்.”

இதில் ஒரு நாசூக்கான வேலையும் நடக்கும். “டஸ் இஸ்ட் நிஷ்ட் உன்பெடிங்ட் மைன் கெஷ்மக்” என்று ஒருவர் உங்கள் சட்டையைப் பார்த்துச் சொன்னால், ‘என் ரசனைக்கு அவ்வளவா ஒத்துவரலை’ என்று மெல்லச் சொல்கிறார். உள்ளே நினைப்பது ‘சகிக்கலை’. “எர் இஸ்ட் நிஷ்ட் உன்பெடிங்ட் டேர் ஷ்னெல்ஸ்ட” என்றால் ‘அவர் அப்படியொன்றும் வேகமான ஆள் இல்லை’. ஆமை என்று புரிந்துகொள்ளவும்.

அப்போ ‘செய்யவே கூடாது’ என்பதற்கு?

‘ஔஃப் கைனன் ஃபல்’. உன்பெடிங்ட்டை முன்னால் போட்டு ‘உன்பெடிங்ட் நிஷ்ட்’ என்று நீங்களாக ஒன்று தயாரிக்க வேண்டாம்.

வாக்கியத்தில் எங்கே வைப்பது?

பெரும்பாலும் நடுவில், அழுத்த வேண்டிய சொல்லுக்கு முன்னால். நாம் ஏகாரத்தை இடம் மாற்றி விளையாடுவது போலத்தான். “இஷ் முஸ் டஸ் உன்பெடிங்ட் ஹொய்டெ எர்லேடிகன்” – இதை இன்றே முடிக்கணும், நாளைக்கு ஒத்திப்போட முடியாது. “இஷ் முஸ் டஸ் ஹொய்டெ உன்பெடிங்ட் எர்லேடிகன்” – இதை இன்று முடித்தே ஆகணும், பாதியில் விட முடியாது. ஏகாரம் ‘இன்று’டன் ஒட்டியதா, ‘முடித்து’டன் ஒட்டியதா என்பதுதான் வித்தியாசம். வாக்கியத்தின் முதல் சொல்லாக வைப்பது அரிது. தமிழில் ‘கண்டிப்பா’வை முதலில் போட்டே பழகியதால் கை அங்கேதான் போகும். அடக்கிக்கொள்ளுங்கள்.

சிலர் இதைச் சொல்லும்போது எரிச்சலாகத் தெரிகிறதே?

தெரியும். ‘வொலன்’ உடன் சேர்ந்தால் பிடிவாதம். “ஸீ வில் உன்பெடிங்ட் ஐனன் ஹுண்ட்” என்றால், நாய்க்குட்டி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கேள்வியில் வந்தால் எரிச்சல்: “முஸ்ட் டூ உன்பெடிங்ட் யெட்ஸ்ட் ஸிங்கன்?” – ‘இப்பவே பாடித்தான் ஆகணுமா?’ கேட்பவர் பதிலை எதிர்பார்க்கவில்லை, அமைதியை எதிர்பார்க்கிறார்.

சிபாரிசு செய்ய வேறு சொற்களும் கேட்டிருக்கிறேனே, எது எந்த இடத்துக்கு?

‘டிரிங்கெண்ட்’ நெருக்குதல். அவசரமோ ஆபத்தோ பின்னால் இருக்கும். ‘முன்பதிவு டிரிங்கெண்ட் எம்ப்ஃபோலன்’ என்று எழுதியிருந்தால், பதிவு செய்யாமல் போனால் வாசலிலேயே திரும்ப வேண்டியிருக்கும். எதிர்ப்பக்கத்துக்கும் இது வரும்: “இஷ் ராடெ டிரிங்கெண்ட் டாஃபோன் அப்” – தயவுசெய்து அதைச் செய்துவிடாதே.

‘வெர்ம்ஸ்டன்ஸ்’ வேறு வாசனை. ‘வார்ம்’ என்ற வெதுவெதுப்பின் உச்சநிலையிலிருந்து வந்தது. நல்ல பல் டாக்டரையோ வீட்டு வேலைக்கு ஆளையோ மனசாரச் சொல்லும்போது “கன் இஷ் வெர்ம்ஸ்டன்ஸ் எம்ப்ஃபேலன்” என்பார்கள். ‘எம்ப்ஃபேலன்’ இல்லாமல் இது நடமாடுவது அபூர்வம். உன்பெடிங்ட்டைப் போல எங்கும் நுழையாது.

‘ட்ஸ்விங்கெண்ட்’ சட்டத்தின் குரல். அது இருக்கும் இடத்தில் பேரம் இல்லை.

பிறகு, “டஸ் கன் இஷ் நூர் எம்ப்ஃபேலன்” என்று ஒன்று. ‘நூர்’ என்றால் ‘மட்டும்’ என்று படித்தவர்கள், ‘இதை மட்டும்தான் சிபாரிசு செய்வாராம்’ என்று எண்ணிக்கொள்வார்கள். இல்லை, ‘தாராளமாகச் சிபாரிசு செய்வேன்’ என்று பாராட்டுகிறார்.

அதிகாரப்பூர்வ எழுத்தில் வந்தால் அதுவும் சிபாரிசுதானா?

அங்கே அது சிபாரிசு இல்லை. ‘எர்ஃபோர்டர்லிஷ்’ என்றால் ‘தேவையான’. ஜெர்மன் இணையதளங்கள் பலவற்றில் ‘உன்பெடிங்ட் எர்ஃபோர்டர்லிஷ’ குக்கிகள் என்று ஒரு வரி இருக்கும். அவற்றை அணைக்க முடியாது என்று அர்த்தம். ஆல்ப்ஸ் மலைப் பாதைக் குறிப்புகளில் ‘தடுமாறாத காலும் தலைசுற்றாத கண்ணும் உன்பெடிங்ட் எர்ஃபோர்டர்லிஷ்’ என்ற பொருளில் எழுதியிருப்பார்கள். அதை அன்பான யோசனையாக எடுத்துக்கொண்டு செருப்போடு ஏறாதீர்கள்.

வேலை விளம்பரத்தில் மட்டும் ஒரு நல்ல செய்தி கிடைக்கும். ‘ஜெர்மன் தெரிந்தால் நல்லது, ஆனால் நிஷ்ட் உன்பெடிங்ட் எர்ஃபோர்டர்லிஷ்’ என்றால் தைரியமாக விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழகத்திலிருந்து ‘பெடிங்டெ ட்சூலாஸுங்’ என்று கடிதம் வந்தால் இனிப்பு வாங்குவதற்கு முன் முழுவதும் படியுங்கள்: இடம் உண்டு, ஆனால் மொழிச் சான்றிதழோ வேறொன்றோ பாக்கி இருக்கிறது.

ஆஸ்திரியச் செய்தியில் ‘மூன்று வருடம் உன்பெடிங்ட்’ என்று படித்தேன். இது என்ன சிபாரிசு?

சிறைத்தண்டனை. ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் நிறுத்திவைத்த தண்டனை ‘பெடிங்ட்’, உள்ளே போயே ஆக வேண்டியது ‘உன்பெடிங்ட்’. ஜெர்மனியில் இதற்கு வேறு சொற்கள்.

மேலதிகாரிக்கோ அலுவலகத்துக்கோ எழுதும்போது இதைப் போடலாமா?

சிபாரிசுக்குப் போடலாம். மரியாதைப் பன்மையில் “டஸ் முஸன் ஸீ உன்பெடிங்ட் ப்ரோபீரன்” என்று அழைத்துப் பரிமாறினால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் உங்களுக்கு ஒரு வேலை ஆக வேண்டும் என்கிறபோது, “ஸீ முஸன் மியர் உன்பெடிங்ட் அன்ட்வோர்டன்” என்று எழுதினால் ‘நீங்க எனக்குப் பதில் போட்டே ஆகணும்’ என்று மேசையைத் தட்டுவது போலாகிவிடும். கட்டாயத்தை அவர் தலையிலிருந்து எடுத்து உங்கள் தேவையில் வையுங்கள்: ‘எனக்கு ஒரு பதில் அவசரமாகத் தேவைப்படுகிறது’ என்ற தொனியில் “இஷ் ப்ரொய்ஷ்டெ டிரிங்கெண்ட் ஐனெ அன்ட்வோர்ட்”. நம் கல்யாணப் பத்திரிகையில் ‘அவசியம் வந்திருந்து வாழ்த்த வேண்டும்’ என்பது பணிவாக ஒலிக்கிறது, கடன் கேட்கும் கடிதத்தில் அதே ‘அவசியம்’ உறுத்துகிறது அல்லவா, அதே கணக்கு.

“வியர் முஸன் உன்பெடிங்ட் மால் காஃபே ட்ரிங்கன்” என்று சொன்னவர் அப்புறம் கூப்பிடவே இல்லை. ஏன்?

அந்தக் குட்டி ‘மால்’தான் காரணம். ‘ஒருநாள்’ என்று அர்த்தம். ‘ஒருநாள் கண்டிப்பா வீட்டுக்கு வாங்க’ என்று பஸ் ஸ்டாண்டில் சொல்லிவிட்டு விலாசம் தராமல் போகிறோமே, அதேதான். பொய் இல்லை, ஆனால் நாள் குறிக்கவில்லை. உங்களுக்கு உண்மையிலேயே போக ஆசை என்றால் அங்கேயே “கெர்ன்! வன் பஸ்ட் எஸ் டியர்?” என்று கேளுங்கள், ‘சந்தோஷம், உனக்கு எப்போ தோது?’ என்று. போனை எடுத்து நாட்காட்டியைப் பார்ப்பார். பார்க்காமல் மழுப்பினால் விட்டுவிடுங்கள். கீழ்வீட்டு அம்மா என்னை அழைத்தபோது உன்பெடிங்ட்டும் சொல்லவில்லை, மாலும் சொல்லவில்லை. ஞாயிறு, மூன்று மணி, ப்ளம் கேக். அவ்வளவுதான்.